அந்தக் கைக்கு வளையல் போடுங்க!

நடுவர் ஐயாவுக்கும், ரெண்டு அணித் தோழர்களுக்கும், டோக்கியோ நிஷிகசாயிலிருந்தும் யோகோஹாமாவிலிருந்தும் பிள்ளைகளைத் தூக்கிக்கிட்டு ரயில் மாறி வந்திருக்கிற உங்க எல்லாருக்கும் வணக்கம். எனக்குப் பத்து நிமிஷம்தான். வணக்கத்தை இதோட முடிச்சுக்கறேன்.

பட்டிமன்றத் தலைப்பு உங்களுக்கே தெரியும். பேஸ்பால்ல பந்து எறியற ஆளுக்குப் பேரு பிட்சர். நட்சத்திர பிட்சரைக் கடைசிப் பந்து வரைக்கும் எறிய வைக்கிறது அணிக்கு வெற்றியா, ஆளுக்குக் கேடா? கேடுன்னு சொல்ற அணி நாங்க. நான் எழுதிக்கிட்டு வந்தது மூணு பக்கம். ஆனா எனக்கு முன்னாடி பேசின எதிரணி அண்ணன் போற போக்குல ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனாரு. "கை வலிக்குதுன்னு சொல்ற பிட்சருக்கு ஓய்வு எதுக்கு? ரெண்டு வளையல் வாங்கிப் போட்டு விடுங்க!" அரங்கமே கைதட்டுச்சு. அதனால அந்த மூணு பக்கத்தையும் மடிச்சு வெச்சுட்டேன். முதல்ல வளையலைப் பேசிடுவோம்.

அண்ணே, இந்தக் கையைப் பாருங்க. எட்டுக் கண்ணாடி வளையல். பொங்கலுக்குன்னு எங்க அம்மா ஊர்லேருந்து அனுப்பினது. பழைய பருத்திப் புடவையைக் கிழிச்சு, ஒவ்வொண்ணையும் தனித்தனியாச் சுத்தி, எவர்சில்வர் டப்பாவுக்குள்ள வெச்சு அனுப்பியிருந்தாங்க. விமானம் ஏறி, கடல் தாண்டி, ஒண்ணுகூட உடையாம வந்து சேர்ந்துச்சு. விலை என்னவோ டஜன் அறுபது ரூபாதான். அறுபது ரூபா வளையலுக்கு அவ்வளவு துணி சுத்தத் தெரிஞ்ச ஜனம் நாம. ஒரு பிள்ளையோட முழங்கையைக் காப்பாத்தச் சொன்னா மட்டும் கோழைத்தனமாயிடுமா?

தமிழ்ல வளையலுக்கு இன்னொரு பேரு இருக்கு அண்ணே. காப்பு. பொருள் தெரிஞ்சுதான் வெச்சாங்க நம்ம முன்னோர். பிள்ளைத்தாச்சியை மணையில உட்கார வெச்சு, சந்தனம் பூசி, ரெண்டு கையும் நிறைய நிறைய அடுக்கறோமே, அது வளைகாப்பு. உள்ள ஒரு உசிரு இருக்கு, பத்திரம்னு சொல்ற சடங்கு. ஊர்த் திருவிழாவுக்குக் கையில மஞ்சள் துணி கட்டுவாங்களே, அதுக்கும் காப்புக் கட்டுறதுன்னுதான் பேரு. காப்புக் கட்டினா ஊர் எல்லையைத் தாண்டக் கூடாதுன்னு ஒரு கட்டுப்பாடு உண்டு. ஊர்ல பெரிய பயில்வானா இருந்தாலும் தாண்ட மாட்டான். எல்லைக்குப் பயந்தவன்னு அவனை யாராவது கேலி பண்ணியிருக்கீங்களா? சாமிக்கு நேர்ந்தவன்னு வழிவிட்டு நிப்பீங்க.

அதே மாதிரி ஒரு எல்லைக்கோட்டைத்தான் பேஸ்பால்லயும் போட்டிருக்காங்க. ஜப்பான் உயர்நிலைப் பள்ளி பேஸ்பால் சம்மேளனம் 2020லேருந்து ஒரு பிட்சருக்கு ஒரு வாரத்துக்கு 500 பந்துன்னு வரம்பு வெச்சிருக்கு. ஏன் வெச்சாங்க? 2013 வசந்தகால தேசியப் பள்ளிப் போட்டியில தொமொஹிரோ அன்ராக்குங்கிற பையன், வயசு 16, அஞ்சு ஆட்டத்துல 772 பந்து எறிஞ்சான். அதுல ஒரே ஆட்டத்துல 232. அதுக்கு முன்னாடி 2006ல யூக்கி சைத்தோ ஒரே கோடைகாலப் பள்ளிப் போட்டியில 948. நாடே கொண்டாடுச்சு. அந்த சைத்தோ ஜப்பான் தொழில்முறை லீக்குக்குப் போய் மொத்தம் ஜெயிச்சது 15 ஆட்டம். பதினஞ்சே பதினஞ்சு. காரணம் நூறு இருக்கலாம்னு சொல்வீங்க. சரி. ஆனா அந்தக் கோடையை நினைக்கிறப்பல்லாம் எனக்கு வயிறு பிசையுது.

அண்ணன் அமெரிக்க பிட்சர் நோலன் ரையன் பேரைச் சொன்னாரு. 27 வருஷம் ஆடினாரு, 1974ல ஒரே ஆட்டத்துல 235 பந்து எறிஞ்சாரு, அவருக்கு என்ன ஆயிடுச்சுன்னு கேட்டாரு. சொல்றேன். 1993 செப்டம்பர், சியாட்டில் மைதானம். 46 வயசு. எறிஞ்சுக்கிட்டிருக்கும்போதே முழங்கை நார் அறுந்துது. அதுதான் அவரோட கடைசி ஆட்டம். இரும்புன்னு நீங்க சொன்ன கையும் அறுந்துதான் நின்னுச்சு. இன்னொரு அமெரிக்க பிட்சர் சாண்டி கோஃபக்ஸை ஏன் சொல்லாம விட்டீங்க? ஒரு ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ்தான். அவர் 1966ல மட்டும் 323 இன்னிங்ஸ், 27 வெற்றி. அந்த வருஷத்தோட முழங்கை மூட்டு வாதம் அவரை வீட்டுக்கு அனுப்பிடுச்சு. அப்போ அவருக்கு வயசு முப்பது. நம்ம ஊர்ல முப்பது வயசுல பையனுக்குப் பொண்ணு பார்க்கவே ஆரம்பிச்சிருக்க மாட்டாங்க!

ஒவ்வொருத்தர் முழங்கைக்கு உள்பக்கமும் ஒரு சின்ன நார் இருக்கு. எலும்பையும் எலும்பையும் கட்டி வெச்சிருக்கிற நார். கடவுள் கட்டின காப்புன்னு வெச்சுக்கோங்க. வேகமா எறியற ஒவ்வொரு தடவையும் அது அறுந்துபோற விளிம்புக்கு வருது. சுத்தி இருக்கிற தசைதான் பாரத்தைப் பங்கு போட்டுக்கிட்டு அதைக் காப்பாத்துது. தசை களைச்சுப் போச்சுன்னா முழுப் பாரமும் நார் மேல. நூறாவது பந்துக்கு அப்புறம் நடக்கிற கதை இதுதான். 1974ல டாமி ஜான்ங்கிற இடது கை பிட்சருக்கு அந்த நார் போச்சு. ஃபிராங்க் ஜோப்ங்கிற மருத்துவர் அவரோட வலது கையிலேருந்து ஒரு தசைநாணை உருவி எடுத்து, எலும்புல துளை போட்டு, அதுக்குள்ள விட்டுக் கோத்தாரு. மனுஷர் திரும்பி வந்து 164 ஆட்டம் ஜெயிச்சாரு. அதனால இன்னிக்கு எல்லாரும் என்னமோ சைக்கிள் டியூப் மாத்துற மாதிரி பேசறாங்க. ஒரு வருஷத்துக்கு மேல பந்தை மறந்து உட்காரணும் அண்ணே. உட்கார்ந்தவங்கள்ல சில பேர் எழுந்து வரவே இல்லை.

ஜப்பான் பிட்சர் யமமோட்டோவையும் இழுத்தாங்க. டொரன்டோவுல, அமெரிக்க லீக்கோட இறுதித் தொடரான 2025 உலகத் தொடர்ல, அக்டோபர் 31ல 96 பந்து, மறுநாளே வந்து 34 பந்து, கோப்பை. உண்மை. அன்னிக்கு நானும் டிவி முன்னாடி நின்னு கத்தினேன். ஆனா அவர் 27 வயசு ஆள். அணியில மருத்துவர் உண்டு. தன் கை, தன் முடிவு. அதுக்கப்புறம் ஆட்டமே இல்லாத குளிர்காலம் முழுக்க முன்னாடி கிடந்துச்சு. பதினேழு வயசுப் பையனுக்கு இதுல எது இருக்கு?

அந்தப் பதினேழு வயசுப் பையன் கதைக்கு வர்றேன். உங்கள்ல பாதிப் பேருக்குத் தெரியும். தெரிஞ்சவங்களும் இன்னொரு தடவை கேளுங்க.

2019 ஜூலை. இவாத்தே மாகாணம். ஒஃபுனாத்தோங்கிற கடலோர ஊர், அங்க ஒரு சாதாரண அரசுப் பள்ளி. அந்தப் பள்ளி தேசியப் பள்ளிப் போட்டி நடக்கிற கோஷியன் மைதானத்தைக் கடைசியா மிதிச்சது 1984. முப்பத்தஞ்சு வருஷம்! முப்பத்தஞ்சு வருஷத்துக்கு அப்புறம் அவங்க கையில ஒரு பையன் கிடைச்சான். ரோக்கி சசாக்கி. பெரிய பெரிய பள்ளிகளுக்குப் போயிருக்கலாம். ஊர்ச் சிநேகிதங்களோடதான் ஆடுவேன்னு அங்கேயே சேர்ந்தவன். மணிக்கு 163 கிலோமீட்டர் வேகத்துல எறியறான். பள்ளிக்கூடப் பையன்!

ஜூலை 21. ஒரு ஆட்டம் பன்னிரண்டு இன்னிங்ஸ் இழுக்குது. சசாக்கி 194 பந்து எறியறான். ஜூலை 24. அரையிறுதி. 129 பந்து. எதிரணிக்கு ஒரு ரன்கூடக் கொடுக்கலை. ஜூலை 25. மறுநாளே, ஒரு நாள்கூட ஓய்வில்லாம, இறுதி ஆட்டம். எதிர்ல ஹனமாக்கி ஹிகாஷி, பேஸ்பால் உலக நட்சத்திரம் ஷோஹெய் ஓத்தானி படிச்ச பள்ளி. ஜெயிச்சா கோஷியன். ஊரே மொரியோக்கா மைதானத்துல.

அணிப் பட்டியலை வாசிக்கிறாங்க. பிட்சர் இடத்துல வேற பேரு.

நான் திரும்பச் சொல்றேன். முப்பத்தஞ்சு வருஷக் கனவு, ஒரே ஒரு ஆட்டம் பாக்கி, நாட்டுப் பள்ளிப் பசங்கள்லயே வேகமான கை பெஞ்சுல உட்கார்ந்திருக்கு. மேலாளர் யோஹெய் கொக்குபோ. 32 வயசு. பெரிய பேரு கிடையாது. பையனைக் கூப்பிட்டு எறியறியான்னு கேட்டிருந்தா அவன் எறியறேன்னுதான் சொல்லியிருப்பான். அது அவருக்கும் தெரியும். எறியச் சொல்லியிருந்தா எறிஞ்சிருப்பான், அந்த முடிவை என்னால எடுக்க முடியலைங்கிற பொருள்லதான் பின்னாடி அவரே பேசினாரு. ஒரு பிள்ளை தலையில அந்தக் கேள்வியை வைக்காம, தன் தலையில வாங்கிக்கிட்டாரு பாருங்க, அங்கதான் நிக்கிறாரு அந்த மனுஷன். முதல் இன்னிங்ஸ்ல எறிய விடலை. நடுவுல விடலை. மட்டை பிடிக்கக்கூட அனுப்பலை. ஆட்டம் கையைவிட்டுப் போகுது, அப்பவும் அனுப்பலை.

பன்னிரண்டுக்கு ரெண்டு. தோத்தாங்க.

அண்ணன் சிரிக்கிறாரு. "தோத்தாங்களே, அப்புறம் என்ன கதை?"ன்னு கேக்கறாரு. ஆமா அண்ணே, தோத்தாங்க. பள்ளிக்கூடத்துத் தொலைபேசி ஓயலை. ஏன் எறிய விடலைன்னு நாடு முழுக்கத் திட்டு. முன்னாள் நட்சத்திரங்கள் டிவியில வந்து கண்டிச்சாங்க. கூட ஆடின பசங்க கனவைக் கெடுத்துட்டாருன்னாங்க. அந்தப் பசங்க அழுததும் நெசம்தான். அவங்களை நினைச்சா எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு, அதை மறைக்க மாட்டேன். இத்தனையையும் வாங்கிக்கிட்டு நின்னாரே அந்த 32 வயசு ஆள், அவருக்கும் நீங்க வளையல் போடுவீங்களா?

சசாக்கியை எடுத்த லோத்தேங்கிற தொழில்முறை அணி முதல் வருஷம், 2020 முழுக்க, ஒரு ஆட்டத்துலகூட அவனை எறிய விடலை. உடம்பை வளர்த்தாங்க. 2022 ஏப்ரல் 10, சீபா கடலோர மைதானம். வயசு இருபது. மட்டை பிடிக்க 27 பேர் வந்தாங்க, 27 பேரும் முதல் பேஸைத் தொடாமத் திரும்பினாங்க. பெர்ஃபெக்ட் கேம். ஜப்பான்ல 28 வருஷமா நடக்காதது. தொடர்ந்து 13 பேர் ஸ்ட்ரைக் அவுட், அதாவது பந்தை அடிக்க முடியாமலே வெளியே. மொத்தம் 19. எத்தனை பந்துல? 105. அடுத்த வாரம் ஏப்ரல் 17, மறுபடியும் எட்டு இன்னிங்ஸ், ஒருத்தரும் பேஸைத் தொடலை. இன்னும் மூணே பேர். 102 பந்து ஆயிடுச்சுன்னு அணி அவனை இறக்கிடுச்சு! அன்னிக்கும் உங்க மாதிரி ஆளுங்க கத்தினாங்க. 2025ல அமெரிக்காவுல அதே பையனுக்குத் தோள் வலி வந்துச்சு. இவ்வளவு பொத்திப் பொத்தி வெச்சும் வந்துச்சேன்னு கேப்பீங்க. வந்துச்சு. மாசக் கணக்கா நிறுத்தினாங்க. அதனாலதான் அக்டோபர்ல கடைசிக் கட்டப் போட்டிகள்ல, கடைசி இன்னிங்ஸை முடிக்க அந்தக் கை இருந்துச்சு.

புள்ளிவிவரம் போதும். இன்னொண்ணு சொல்லணும்.

2011 மார்ச் 11. சசாக்கி அப்போ இருந்த ஊர் ரிக்குசென்தகாத்தா. கடல் ஊருக்குள்ள வந்துச்சு. நாகப்பட்டினத்துக்காரங்க இந்த அரங்கத்துல இருக்கீங்க, உங்களுக்கு அதுக்கு மேல நான் சொல்ல வேண்டாம். சசாக்கிக்கு அப்போ ஒன்பது வயசு. அவங்க அப்பா போயிட்டாரு. தாத்தா பாட்டி போயிட்டாங்க. அம்மா பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு ஒஃபுனாத்தோவுக்கு வந்தாங்க. அப்பா இல்லாத பையன் அவன். அப்பா இருந்திருந்தா அந்த ஜூலை 25ல என்ன பண்ணியிருப்பாரோ, அதைத்தான் கொக்குபோ பண்ணினாரு. நான் அப்படித்தான் நம்பறேன், என்கிட்ட ஆதாரம் கேக்காதீங்க. 2023 மார்ச் 11, சுனாமி வந்து சரியாப் பன்னிரண்டாம் வருஷம், அதே பையன் டோக்கியோ டோம்ல ஜப்பான் சட்டை போட்டுக்கிட்டு, பிட்சர் எறியற மேட்டுல நின்னான். அந்த அம்மா டிவியில பார்த்தாங்களோ, நேர்ல பார்த்தாங்களோ, எனக்குத் தெரியாது. நான் வீட்டுல அடுப்பை அணைச்சுட்டு வந்து நின்னு பார்த்தேன்.

ஏன் எனக்கு இவ்வளவு பொங்குதுன்னு அண்ணன் நினைக்கலாம். எங்க வீட்டுலயும் ஒரு பிட்சர் இருக்கான். ஆறாம் வகுப்பு. பேட்டைப் பசங்க அணி. நல்லா எறிவான். அந்த வயசுக்கு ஒரு நாளைக்கு 70 பந்துதான்னு விதி. போன வருஷம் ஒரு சனிக்கிழமை, காலை ஆட்டத்துல 68 எறிஞ்சான். எண்ணி எழுதினது நான்தான். மதியம் ஒரு பயிற்சி ஆட்டம் வெச்சாங்க. "பயிற்சி கணக்குல வராது"ன்னு பயிற்சியாளர் சொன்னாரு. நானும் பென்சிலைக் கீழ வெச்சுட்டேன். வெச்சிருக்கக் கூடாது.

மறுநாள் காலையில இட்லி. பையன் இடது கையால பிட்டுச் சாப்பிடறான். நான் என்ன பண்ணினேன் தெரியுமா? திட்டினேன். "சோத்துக் கையால சாப்பிடுடா, யார் வீட்டுப் பழக்கம் இது?"ன்னேன். அவன் வலது கையை மெதுவாத் தட்டுக்குக் கொண்டு வந்தான். விள்ளலை எடுத்தான். வாய்க்குக் கொண்டு போக முடியலை. முழங்கை மடங்கலை. பாதி வழியில கை நின்னு நடுங்குது. சட்னி சட்டையில சொட்டுது. "ஏண்டா சொல்லலை?"ன்னு கேட்டேன். "சொன்னா அடுத்த ஆட்டத்துக்கு வேற பையனைப் போட்டுடுவாங்கம்மா"ன்னான்.

முழங்கையில, வளர்ற எலும்போட நுனி அடிபட்டிருந்துச்சு. மூணு மாசம் பந்தைத் தொடக் கூடாதுன்னு மருத்துவர் சொன்னாரு. அந்த மூணு மாசத்துல முதல் ரெண்டு வாரம் நான்தான் ஊட்டி விட்டேன். இந்த வளையல் போட்ட கையாலதான் அண்ணே.

பையன் இங்கதான் இருக்கான், மூணாவது வரிசை, நீல ஸ்வெட்டர். இந்த வளையல் கொஞ்சம் இறுக்கம், தனியாப் போட்டுக்க வராது. இன்னிக்குக் காலையில என் மணிக்கட்டை அமுக்கிப் பிடிச்சு, எட்டையும் ஒண்ணொண்ணா உடையாம ஏத்தி விட்டது அவன்தான். வலது கையால.

மணி அடிச்சுட்டாங்க. நடுவர் ஐயா, நன்றி, வணக்கம்.