அறையில் இல்லாதவருக்கும் கேட்க வேண்டும்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

திறமூல மென்பொருள் மாநாடுகளில் அமர்வு நெறியாளராகத் தன்னார்வப் பணி செய்வது குறித்துப் பேசும்படி நிலையத்தார் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். மாநாட்டு மேடையில் உரையாற்றுபவரைப் பலரும் நினைவில் வைத்துக்கொள்வார்கள். அவருக்குச் சற்றுத் தள்ளி, ஒரு கையில் கடிகாரத்தையும் மறு கையில் ஒலிவாங்கியையும் வைத்துக்கொண்டு நிற்பவரை யாரும் கவனிப்பதில்லை. கவனிக்காமல் இருந்தால் அவர் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறார் என்றும் கொள்ளலாம். பல ஆண்டுகளாக அந்த இடத்தில் நின்றுவருபவன் என்ற முறையில், அங்கிருந்து தெரிவதைச் சொல்ல விரும்புகிறேன்.

திறமூல மென்பொருள் என்பது, அதன் மூல நிரலை, அதாவது அதை உருவாக்க எழுதப்பட்ட கட்டளைகளை, யார் வேண்டுமானாலும் படிக்கவும் மாற்றவும் பிறருக்குக் கொடுக்கவும் உரிமை தரப்பட்ட மென்பொருள். இது உங்களுக்கு அந்நியமான பொருளன்று. ஆண்ட்ராய்டு கைப்பேசி வைத்திருப்பவர் ஒவ்வொருவரும் லினக்ஸ் என்னும் கருநிரலை, அதாவது இயங்குதளத்தின் அடியில் நின்று கருவியை இயக்கும் நிரலை, தம் சட்டைப் பையில் சுமந்துகொண்டுதான் நடமாடுகிறார்கள். 1991-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர், பொழுதுபோக்காகச் செய்வதாகச் சொல்லி அறிவித்த பணி அது. இன்று அதில் உலகெங்குமிருந்து ஆயிரக்கணக்கானோர் பங்களிக்கிறார்கள். அவர்களுள் பெரும்பாலோர் ஒருவரையொருவர் நேரில் கண்டதில்லை. அப்படி முகமறியாமல் சேர்ந்து உழைப்பவர்கள் கூடிப் பேசும் இடமே இத்தகைய மாநாடு. பெல்ஜியத் தலைநகர் பிரசெல்சில் ஆண்டுதோறும் நடக்கும் ஃபாஸ்டெம் மாநாட்டுக்கு நுழைவுக் கட்டணமும் கிடையாது, முன்பதிவும் கிடையாது. டெபியன் இயங்குதளத்தை உருவாக்குபவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை கூடும் டெப்கான்ஃப் மாநாடு வெவ்வேறு நாடுகளில் மாறிமாறி நடக்கும். 2023-இல் நம் கொச்சியில் நடந்தது. மென்பொருளைப் போலவே இந்த மாநாடுகளையும் பெரும்பாலும் தன்னார்வலர்களே நடத்துகிறார்கள். ஒளிப்பதிவுக் கருவியை இயக்குபவரும், ஒலியைச் சரிசெய்பவரும், அறை நிரம்பிவிட்டது என்று கதவில் தாள் ஒட்டுபவரும் வேறு வேலை பார்த்துப் பிழைப்பவர்கள்தாம். அமர்வு நெறியாளரும் அப்படித்தான்.

நெறியாளர் என்றதும், பேசப்படும் பொருளில் அவர் வல்லுநராக இருக்க வேண்டும் என்று பலர் எண்ணித் தயங்குகிறார்கள். அது தேவையில்லை. தரவுத்தளம் பற்றிய அமர்வை நடத்துவதற்குத் தரவுத்தளம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. சொல்லப்போனால், அதிகம் தெரிந்தவர் நெறியாளராக நின்றால் பேச்சாளரை முந்திக்கொண்டு தாமே பதில் சொல்லத் தொடங்கிவிடும் அபாயம் உண்டு. நெறியாளர் செய்ய வேண்டியது மூன்று காரியங்கள். பேச்சாளரை அறிமுகப்படுத்த வேண்டும், நேரத்தைக் காக்க வேண்டும், கேள்விகளை முறைப்படுத்த வேண்டும். இவற்றுள் முதல் இரண்டைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, மூன்றாவதில்தான் சற்று நேரம் தங்கப்போகிறேன்.

அறிமுகம் இரண்டு வாக்கியங்களில் முடிய வேண்டும், ஏனெனில் பேச்சாளரின் வரலாறு நிகழ்ச்சி நிரலிலேயே அச்சாகியிருக்கிறது. ஆனால் அவருடைய பெயரைச் சரியாக உச்சரிப்பது எப்படி என்று அவரிடமே முன்கூட்டிக் கேட்டுக்கொள்ள வேண்டும். உலகத்தின் பல மூலைகளிலிருந்து வருபவர்கள் கூடும் இடத்தில், மேடையில் பெயர் பிழைபட ஒலிப்பதைக் கேட்டு முகம் சுருங்காதவர் குறைவு. அமர்வு தொடங்குவதற்கு முன் கிடைக்கும் ஐந்து பத்து நிமிடங்களில் வேறு சிலவற்றையும் பார்த்தாக வேண்டும். மடிக்கணினியின் காட்சி புரொஜெக்டரில் தெரிகிறதா, கணினி பாதியில் உறங்கிவிடாமல் இருக்க ஏற்பாடு செய்தாயிற்றா, வீட்டிலிருந்து வரும் குறுஞ்செய்தி பெரிய திரையில் எல்லோர் முன்னிலையிலும் தோன்றாதபடி அறிவிப்புகள் நிறுத்தப்பட்டனவா, கடைசி வரிசையில் இருப்பவர் படிக்கும் அளவுக்கு எழுத்து பெரிதாக இருக்கிறதா என்பவையெல்லாம் அவற்றுள் அடங்கும். கடைசியாகச் சொன்னதைச் சோதிக்க, நானே கடைசி வரிசைக்கு நடந்து சென்று படித்துப் பார்ப்பது வழக்கம். பத்தில் ஒன்பது பேரின் நிரல், எறும்பு ஊர்வதைப் போலத்தான் தெரியும்.

நேரம் காப்பதற்குப் பெரிய எழுத்தில் பத்து, ஐந்து, இரண்டு என்று எழுதிய அட்டைகள் போதும். அட்டையைக் காட்டியதும் பேச்சாளர் தலையசைக்கிறாரா என்று பார்க்க வேண்டும். தலையசைக்காதவர் அட்டையைப் பார்க்கவில்லை என்று பொருள். பல அறைகளில் ஒரே வேளையில் அமர்வுகள் நடப்பதால், ஓர் அறையில் ஏற்படும் தாமதம் அந்த அறையோடு நிற்பதில்லை. அடுத்த அமர்வைக் கேட்க வேறு கட்டடத்திலிருந்து ஓடி வந்தவர், கதவருகே நின்று முந்தைய பேச்சின் மிச்சத்தைக் கேட்க நேர்கிறது.

இனி கேள்விகளுக்கு வருகிறேன். நான் எங்கே போனாலும் வலியுறுத்திச் சொல்வது ஒன்றுதான்: ஒலிவாங்கி இல்லாமல் கேட்கப்படும் கேள்வி, கேட்கப்படாத கேள்வி.

இந்தப் பிடிவாதம் எனக்கு ஏன் வந்தது என்று சொல்கிறேன். கோப்புகளுக்குக் காப்புநகல் எடுக்கும் ஒரு மென்பொருளைப் பழைய பதிப்பிலிருந்து புதிய பதிப்புக்கு மாற்ற முயன்று, ஓரிடத்தில் மாட்டிக்கொண்டு விழித்துக்கொண்டிருந்தேன். அந்த மென்பொருளை எழுதியவரே ஒரு மாநாட்டில் ஆற்றிய உரையின் பதிவு கிடைத்தது. அருமையான உரை, பேச்சு முடிந்ததும் கூட்டத்திலிருந்து ஒருவர் எழுந்தார். அவர் கை அசைவதும் பேச்சாளர் கூர்ந்து கேட்பதும் திரையில் தெரிந்தன. ஏறக்குறைய ஒரு நிமிட நேரம் வெறும் இரைச்சல். பிறகு பேச்சாளர் தெளிவான குரலில், "ஆமாம், அந்தச் சிக்கல் வரும், ஆனால் நீங்கள் சொன்ன வரிசையில் செய்தால் வராது" என்றார். அறையே சிரித்துக் கைதட்டியது. எந்தச் சிக்கல்? எந்த வரிசை? ஒலியை முழுக்க உயர்த்தி, காதில் செவிப்பொறியை மாட்டிக்கொண்டு, வேகத்தைப் பாதியாகக் குறைத்து மீண்டும் மீண்டும் கேட்டேன். ஒரு நாற்காலி கிரீச்சிடுவதும் யாரோ இருமுவதும் துல்லியமாகக் கேட்டன. கேள்வி மட்டும் கேட்கவில்லை. விடாமல் அந்தப் பேச்சாளருக்கே மின்னஞ்சல் எழுதினேன். அவர் மிகுந்த பண்போடு பதில் எழுதினார்: கூட்டம் சிரித்தது நன்றாக நினைவிருக்கிறதாம், கேள்வி என்னவென்று நினைவில்லையாம்.

எனக்கு வேண்டிய விடை அந்த அறையில் சொல்லப்பட்டுவிட்டது. அது கையெட்டும் தூரத்தில் நழுவிப்போனதற்கு, ஒருவர் நான்கு அடி நடந்து ஒலிவாங்கியை நீட்டவில்லை என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. அடுத்து வந்த மாநாட்டில் நெறியாளர் பணிக்குப் பெயர் கொடுத்தேன்.

வானொலி நேயர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதே இல்லை. இந்த ஒலிவாங்கியை விட்டு நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசினால், இந்த அறையில் இருப்பவர்களுக்குக் கேட்கும், உங்களுக்குக் கேட்காது. மாநாட்டு அறையில் இருப்பவர்களுக்கோ இது எளிதில் உறைப்பதில்லை. வெண்கலக் குரல் படைத்த ஒருவர் எப்போதும் இருப்பார். "எனக்கு மைக் எதற்கு, என் குரல் கடைசி வரை கேட்கும்" என்று கையால் தள்ளிவிடுவார். "இங்கே இருப்பவர்களுக்குக் கேட்கும் ஐயா, பதிவுக்குக் கேட்காது" என்று நான் புன்னகையோடு சொல்லிவிட்டு, ஒலிவாங்கியை அவர் வாயருகே பிடிப்பேன். நேரலையில் பார்ப்பவர்கள், மூன்று ஆண்டுகள் கழித்துப் பதிவைத் தேடி எடுப்பவர்கள், எங்கோ அமர்ந்து பேச்சைக் கேட்டுக்கேட்டு எழுத்தாகத் தட்டிக்கொண்டிருப்பவர், அந்த அறையிலேயே இருந்தாலும் காதுக்கருவி வழியாக ஒலியமைப்பிலிருந்து நேரே கேட்பவர் ஆகிய இவர்கள் அனைவருக்கும், ஒலிவாங்கிக்குள் போகாத சொல் இல்லாத சொல்தான்.

ஒலிவாங்கியைக் கேள்வி கேட்பவர் கையில் கொடுத்துவிடக் கூடாது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். நாமே பிடித்திருக்க வேண்டும். கையில் வாங்கியவர் கேள்வி கேட்க மாட்டார், சொற்பொழிவு ஆற்றத் தொடங்குவார். "இது கேள்வியைவிடக் கருத்து என்றே சொல்லலாம்" என்று ஆரம்பிப்பவரை மாநாடுகளுக்குப் போன எவரும் அறிவார்கள். ஒலிவாங்கி நம் கையில் இருந்தால், அவர் மூச்சு வாங்கும் இடத்தில் "உங்கள் கேள்வி என்ன?" என்று மரியாதையாகக் கேட்டு முடித்துவைக்கலாம்.

ஒலிவாங்கி எட்டாத இடமும் உண்டு. நடைபாதையெங்கும் மக்கள் தரையில் அமர்ந்திருக்கும் நெரிசலில் நான்காவது வரிசைக்கு நடுவே போக முடியாது. அப்போது பேச்சாளர் கேள்வியைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பெரும்பாலான பேச்சாளர்கள் மறந்துவிடுவார்கள்; விடை தெரிந்த ஆர்வத்தில் நேரே பதிலுக்குப் பாய்ந்துவிடுவார்கள். தயங்காமல் குறுக்கிட்டு, "கேள்வியை ஒருமுறை சொல்லிவிடுங்கள்" என்று நினைவூட்டுவது நெறியாளரின் கடமை. திருப்பிச் சொல்லும்போது பேச்சாளருக்குச் சிந்திக்கச் சில நொடிகள் கிடைக்கின்றன; கேள்வியை அவர் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால், பதில் தொடங்குமுன்பே "நான் கேட்டது அதுவன்று" என்று கேட்டவர் திருத்தவும் முடிகிறது. அரை மணி நேர அமர்வில் இதை ஐந்து முறை நினைவூட்டினாலும் எந்தப் பேச்சாளரும் என்னிடம் கோபித்துக்கொண்டதில்லை. திரும்பத் திரும்ப ஒன்றையே சொல்கிறேன் என்று உங்களுக்குத் தோன்றலாம். மாநாட்டிலும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

யாருக்கு முதலில் ஒலிவாங்கியைக் கொண்டுபோவது என்பதும் சிறிய முடிவன்று. பத்து நாடுகளில் நடந்த கல்விக் கருத்தரங்குகளைக் கவனித்து 2018-இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வு, அரங்கில் உள்ள பெண்கள் ஆண்களைவிடக் குறைவாகவே கேள்வி கேட்கிறார்கள் என்றும், முதல் கேள்வியை ஆண் ஒருவர் கேட்கும் அமர்வுகளில் பெண்களின் கேள்விகளின் விகிதம் மேலும் குறைகிறது என்றும் காட்டியது. அவை மென்பொருள் மாநாடுகள் அல்ல என்றாலும், நான் அறைகளில் கண்டது அதற்கு மாறாக இல்லை. முதலில் உயரும் கை எப்போதும் பழகிய கைதான். அதனால் கேள்வி நேரம் தொடங்கியதும் உடனே ஓடாமல், மனத்துக்குள் பத்து வரை எண்ணுவேன். அதற்குள் பின்வரிசையில் பாதி உயர்ந்து தயங்கும் ஒரு கை தென்படும். அங்கேதான் முதலில் போவேன். இணையத்தின் வழியாகப் பார்ப்பவர்கள் அரட்டையில் எழுதி அனுப்பும் கேள்விகளையும் இடையிடையே படிக்க வேண்டும், ஏனெனில் அவர்கள் கை தூக்கினால் நமக்குத் தெரியாது.

கண்ணாடிக்கு அப்பாலிருந்து நிகழ்ச்சி அமைப்பாளர் இரண்டு விரல்களைக் காட்டுகிறார். ஊருக்கெல்லாம் அட்டை காட்டியவனுக்கும் இந்த நிலைமை வரத்தான் வேண்டும். நடத்தை நெறிமுறைகளைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தேன், அதைச் சுருக்கிவிடுகிறேன். மேடையிலோ கூட்டத்திலோ ஒருவரைப் புண்படுத்தும்படி ஏதேனும் நடந்தால், நெறியாளர் நீதிபதியாக மாறி அங்கேயே விசாரணை நடத்தக் கூடாது. தேவையானால் பேச்சை நிறுத்தலாம். மற்றதை மாநாட்டில் அதற்கென நியமிக்கப்பட்டிருக்கும் குழுவிடம் விட்டுவிட வேண்டும். அவர்களுடைய தொடர்பு எண்ணை அமர்வு தொடங்கும் முன்பே கைப்பேசியில் சேமித்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பணியில் சேர விரும்புபவர்கள், மாநாட்டுக்குச் சில வாரங்களுக்கு முன் தன்னார்வலர்களுக்கு விடுக்கப்படும் அழைப்பைக் கவனித்திருந்து பெயர் கொடுக்கலாம். அனுபவமுள்ள ஒருவருடன் ஓர் அமர்வில் உடனிருந்து பார்த்துவிட்டு, அடுத்ததைத் தாமே நடத்தலாம். நீங்கள் கேட்க விரும்பும் அமர்வுகளை நடத்த முதல் நாளிலேயே ஒப்புக்கொள்ளாதீர்கள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்குப் பேச்சு காதில் ஏறாது. அமர்வு முடிந்து கைதட்டல் அடங்கியதும், பேச்சாளரின் சட்டையில் குத்தியிருக்கும் சிறிய ஒலிவாங்கியை மறவாமல் கழற்றி வாங்கி அணைத்துவிடுங்கள். மறந்தால், அதை மாட்டியபடியே வெளியே போய், உரை எப்படி இருந்தது என்று நண்பரிடம் அவர் மனம்விட்டுப் பேசுவதும் நேரலையில் போய்விடக் கூடும்.

நன்றி, வணக்கம்.