பேஸ் அடிக்க ஆள் இருக்கா? கொழும்பு பேண்டுகள் எல்லாம் கேட்கும் கேள்வி

வணக்கம் உறவுகளே. இன்றைக்கு வெள்ளவத்தையில் என்னுடைய அறையில் இருந்தே கதைக்கிறேன். மடியில் இருப்பது பேஸ் கிட்டார், பாட்டுக்கு அடியில் தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் கிட்டார். நடுநடுவே வாசித்துக் காட்டுவேன், அதனால் தயவுசெய்து ஹெட்ஃபோன் போட்டுக்கொள்ளுங்கள். கைபேசி ஸ்பீக்கரில் கேட்டால் நான் வாசிப்பதில் பாதி உங்களுக்கு வராது. அது ஏன் என்பதும் இன்றைய கதையில் ஒரு பகுதிதான், பிறகு வருகிறேன்.

விஷயத்துக்கு வருவோம். கொட்டாஞ்சேனையோ தெஹிவளையோ வத்தளையோ, எந்த இசைக்குழுவோடு கதைத்தாலும் கடைசியில் ஒரு கேள்வி வரும்: “பேஸ் அடிக்க ஆள் யாராவது இருக்கா?” பாட ஆள் தாராளமாக இருக்கும். கிட்டார் இருக்கும், கீபோர்ட் இருக்கும், ட்ரம்ஸுக்கும் எப்படியாவது ஒரு தம்பி கிடைத்துவிடுவார். பேஸுக்கு மட்டும் ஆள் இல்லை. இருக்கிற ஒருவரும் அன்றைக்கு வேறொரு பேண்டோடு மேடையில் நிற்பார்.

பேஸ் கஷ்டமான வாத்தியம், அதனால்தான் ஆள் குறைவு என்று சிலர் சொல்கிறார்கள். நான் அதை ஏற்கமாட்டேன். தொடக்கத்தில் கிட்டாரை விட இதில்தான் கெதியாக ஒரு பாட்டுக்குத் துணையாக வாசிக்க முடியும். நான்கு தந்தி, பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒரு சுரம். காரணம் வேறு இடத்தில் இருக்கிறது.

முதலில் கொழும்பின் நிலைமையைப் பாருங்கள். வெள்ளிக்கிழமை இரவு கொள்ளுப்பிட்டிப் பக்கம் ஹோட்டல்களில் ஆங்கிலப் பாட்டு. சனிக்கிழமை ஒரு மண்டபத்தில் சிங்களக் கலியாணம், துள்ளி ஆடவைக்கும் பைலாப் பாட்டு இல்லாமல் முடியாது. அதே சனிக்கிழமை பம்பலப்பிட்டியில் தமிழ் ரிசெப்ஷன், எண்பதுகளின் பாட்டும் வேண்டும், போன மாதம் வந்த பாட்டும் வேண்டும். ஞாயிறு காலை தேவாலயத்தில் ஆராதனை. இந்த நான்குக்கும் பாடுகிறவர்கள் வேறு வேறு ஆட்கள், ஏனென்றால் பாட்டுக்கு மொழி வேண்டும். பேஸ் அடிக்கிறவருக்கு எந்த ஸ்கேல் (சுருதி), எந்தத் தாளம் என்று தெரிந்தால் போதும், நான்கு மேடையிலும் நிற்கலாம். ட்ரம்ஸ்காரருக்கும் அப்படித்தானே என்று கேட்பீர்கள். ஓம், அப்படித்தான். ஆனால் ட்ரம்ஸ் பழக ஆசைப்படுகிற பிள்ளைகள் எத்தனை பேர், பேஸ் பழக ஆசைப்படுகிறவர்கள் எத்தனை பேர்? அங்கேதான் இடிக்கிறது. நான்கு பக்கமும் ஒரே சின்னக் கூட்டத்தைத்தான் தேடுகிறது.

டிசம்பர் வந்தால் இன்னும் மோசம். மார்கழியில் எங்கள் சைவக் கலியாணங்கள் இல்லாவிட்டாலும் கரோல், கம்பனி பார்ட்டி, 31ஆம் திகதி இரவு என்று ஒரே ஆளை மூன்று பேண்ட் கேட்கும். தை பிறந்ததும் முகூர்த்தங்கள் தொடங்கிவிடும்.

சரி, ஆள் இல்லாவிட்டால் பேஸ் இல்லாமலே வாசித்துவிட்டுப் போகலாமே? முடியாது. ஏன் என்று காட்டுகிறேன், கேளுங்கள்.

[பதிந்ததைத் திரும்பத் திரும்ப ஒலிக்கும் லூப்பர் கருவியில் ஒரு கோர்ட் சுற்றிக்கொண்டிருக்கிறது]

இது ஸி மேஜர் கோர்ட். ஸி, ஈ, ஜி என்று மூன்று சுரம் சேர்ந்து ஒலிக்கும். கிட்டாரில் பதிந்து வைத்திருக்கிறேன், அது கடைசிவரை மாறாது. இப்போது அடியில் நானும் ஸி வாசிக்கிறேன்.

[வாசிக்கிறார்]

நேரான, வெளிச்சமான ஒலி. இனி அடியில் ஏ.

[வாசிக்கிறார்]

கேட்டீர்களா? கிட்டாரில் ஒரு சுரம்கூட மாறவில்லை. ஆனால் கோர்ட் இப்போது ஏ மைனர் செவன்த். பாட்டின் முகமே வாடிவிட்டது. மேலே பத்து விரலால் கீபோர்டில் என்ன வாசித்தாலும், அது சந்தோஷமா சோகமா என்று தீர்மானிக்கும் அதிகாரம் அடியில் இருக்கும் அந்த ஒரு சுரத்திடம் இருக்கிறது. மண்டபத்தில் இருக்கிறவர்களுக்கு இது பேஸ் என்று தெரியாது. பாட்டு மாறியது மட்டும் தெரியும்.

அடுத்தது, எனக்கு மிகவும் பிடித்த விஷயம். ஒரு சுரத்தை எப்போது தொடங்குகிறோம் என்பதைக் கனபேர் பார்க்கிறார்கள். எப்போது முடிக்கிறோம் என்பதை யாரும் பார்ப்பதில்லை. என் இடது கையை வடிவாகப் பாருங்கள், கேமராவைக் கிட்டே கொண்டுவருகிறேன். ட்ரம்ஸ் பின்னால் ஓடுகிறது. நான்கு எண்ணிக்கையில் ஒன்றிலும் மூன்றிலும் கிக், அதாவது காலால் அடிக்கும் பெரிய ட்ரம்; இரண்டிலும் நான்கிலும் ஸ்னேர், அதாவது குச்சியால் அடிக்கும் கூர்மையான ஒலியுள்ள ட்ரம். முதலில் சுரத்தை அப்படியே நீள விடுகிறேன்.

[வாசிக்கிறார்]

பிழை ஒன்றும் இல்லை, ஆனால் சோம்பலாக இருக்கிறது. ஸ்னேர் விழும்போது அதன் மேல் என் சுரம் படுத்துக்கிடக்கிறது. இப்போது ஸ்னேர் விழும் அந்த இடத்தில் சுரத்தை நிறுத்துகிறேன்.

[வாசிக்கிறார்]

அதே சுரம், அதே வேகம். ஸ்னேர் எவ்வளவு தெளிவாக விழுகிறது! நான் செய்தது இவ்வளவுதான்: விரலைத் தந்தியில் இருந்து எடுக்கவில்லை, அழுத்தத்தை மட்டும் தளர்த்தினேன். விரல் தொட்டபடியே இருப்பதால் தந்தி அடங்கிவிடும். ஒரு நொடியில் சின்னப் பங்கு. ஆனால் மண்டபத்தில் ஆட எழும்புகிறவர்களும் கதிரையிலேயே இருப்பவர்களும் பிரிவது இந்த இடத்தில்தான். ட்ரம்ஸ்காரர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் பேஸ் இதைச் செய்யாவிட்டால் அவர் திறமை வெளியே வராது. நல்ல ட்ரம்ஸ்காரர்கள் பேஸ் ஆளைத் தேடி அலைவது இதற்காகத்தான்.

பைலாவில் இது இன்னும் முக்கியம். 6/8 தாளம், ஆறு சின்ன எண்ணிக்கைக்குள் இரண்டு பெரிய துடிப்பு. எங்கள் இலங்கைப் பாடகர்கள் ஏ.ஈ. மனோகரன், நித்தி கனகரத்தினம் காலத்துப் பொப்பிசைப் பாட்டுகளை இன்றைக்கும் எங்கள் கலியாண வீடுகளில் கேட்கிறார்கள், அவற்றில் கனக்கப் பாட்டு பைலாத் துள்ளலில்தான் ஓடுகிறது. அங்கே பேஸ் சுரங்களை நீட்டி வாசித்தால் துள்ளல் செத்துவிடும். நான் ஒன்று, மூன்று, நான்கு, ஆறு என்ற எண்ணிக்கைகளில் வாசிப்பேன். மூன்றும் ஆறும் குட்டையாக இருக்க வேண்டும்.

[வாசிக்கிறார்]

இப்போது விளங்கியிருக்கும், கிட்டார் வாசிக்கிற ஒருவரைப் பிடித்து “இன்றைக்கு நீ பேஸ் அடி” என்று நிறுத்தினால் ஏன் சரிவராது என்று. சுரம் எல்லாம் அவருக்குத் தெரியும். இடைவெளி விடத் தெரியாது. சும்மா இருக்கிற இடத்தையெல்லாம் நிரப்பப் பார்ப்பார். ஆனால் உண்மையாகவே மாறி வந்தவர்கள் இருக்கிறார்கள். இங்கிலாந்தின் பீட்டில்ஸ் குழுவில் பேஸ் வாசித்த ஸ்டுவர்ட் சட்கிளிஃப் 1961இல் விலகியபோது அந்த இடத்துக்குப் போன போல் மெக்கார்ட்னி அதுவரை பேஸ்காரர் அல்ல. அதற்குப் பிறகு அவர் வாசித்த பேஸ் தனி மெலடியாகவே ஓடும். அப்படி மனம் வைத்து மாறினால் நல்லது. தற்காலிக ஒத்தாசையாக நின்றால் பேண்டுக்குப் பிரயோசனம் இல்லை.

அப்புறம் ஏன் பிள்ளைகள் இந்தப் பக்கம் வருவதில்லை? அந்தக் கைபேசிக் கதைக்கு வருகிறேன். இந்த அடித் தந்தி ஈ. விநாடிக்கு ஏறக்குறைய 41 அதிர்வு. கிட்டாரின் அடித் தந்தி 82, பேஸ் அதில் சரிபாதி. கைபேசியில் இருக்கும் சின்ன ஸ்பீக்கர் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே மிகவும் பலவீனம். அதற்கு மேலே உள்ள மடங்குகள் மட்டும் கொஞ்சம் வரும், அதை வைத்து மூளை அடிச் சுரத்தை ஊகித்துக்கொள்ளும். அதனால் பாட்டு கெட்டுப்போன மாதிரி இருக்காது. ஆனால் அந்தக் கனம், நெஞ்சில் வந்து தட்டுவது, அது வராது. இன்றைய பிள்ளைகள் பாட்டுக் கேட்பதே கைபேசியில். கேட்காத வாத்தியத்தின் மேல் ஆசை எப்படி வரும்?

இன்னொரு காரணம் எங்கள் மேடைகளே. செலவைக் குறைக்க வேண்டும் என்று கனகாலமாக அரேஞ்சர் கீபோர்டை நம்பி வந்திருக்கிறோம். இடது கையால் கோர்ட் பிடித்தால் ட்ரம்ஸும் பேஸும் தானாக ஓடும். சின்ன விழாவுக்கு அது போதும், கீபோர்ட் வாசிக்கிறவர்களை நான் குறை சொல்லவில்லை, அவர்கள்தான் எத்தனையோ குழுக்களைக் காப்பாற்றினார்கள். ஆனால் ஒரு வாத்தியம் எப்படி அடுத்த தலைமுறைக்குப் போகும்? மேடைக்கு முன்னால் நிற்கும் ஒரு பிள்ளை, வாசிக்கிறவரின் விரலைப் பார்த்துப் பார்த்துத்தான். மேடையில் ஆளே இல்லாவிட்டால் பார்க்க என்ன இருக்கிறது? பேஸ்காரரை நாங்கள் மேடையில் இருந்து இறக்கிவிட்டு, இப்போது ஆள் இல்லை என்று தேடுகிறோம். இதை நினைத்தால் எனக்கு உண்மையாகவே கவலை.

தமிழ்ப் பாட்டில் பேஸுக்கு இடம் இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். இளையராஜாவின் பாட்டுகளில் பேஸ் பாடகரோடு பக்கத்தில் நடந்து போகும், சில இடத்தில் எதிர்த்துக் கதைக்கும். அவற்றில் எத்தனையோ பாட்டுகளுக்கு வாசித்தவர் சசிதரன். ரஹ்மானுக்கு வாசித்தவர்களில் கீத் பீட்டர்ஸ் இருக்கிறார், பிறகு மோகினி டே என்ற இளம் பெண் கலைஞர். இந்தப் பெயர்களைப் பாடகர்களின் பெயர் தெரிந்த அளவுக்கு நாங்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அமெரிக்காவிலும் இதே நிலைதான் இருந்தது. மோட்டவுன் என்ற இசைத்தட்டுக் கம்பனியின் அறுபதுகளின் வெற்றிப் பாட்டுகளில் பேஸ் வாசித்தவர் ஜேம்ஸ் ஜேமர்சன், அதுவும் வலக்கையில் ஒரே ஒரு விரலால். இசைத்தட்டில் அவர் பெயர் வருவதற்கு 1971 ஆகிவிட்டது.

விலையையும் சொல்லத்தான் வேண்டும். 2022இல் டொலர் 200 ரூபாயில் இருந்து 360 வரை போனதில், வெளிநாட்டில் இருந்து வரும் வாத்தியம் எல்லாம் எட்டாத உயரத்துக்குப் போனது. அதிலும் பேஸுக்கு எல்லாமே பெரிது. பேஸ் தந்தி செட் ஒன்று கிட்டார் தந்தி செட்டை விடக் கன விலை. சின்ன கிட்டார் அம்பில் (ஒலியைப் பெருக்கும் பெட்டியில்) பேஸைச் செருகினால் ஸ்பீக்கர் கிழிந்துவிடும் அபாயம் உண்டு, தனி அம்ப் வேண்டும். ஆனால் தந்தி நெடுங்காலம் உழைக்கும், ஒழுங்காகத் துடைத்து வைத்தால்.

பேண்ட் நடத்துகிறவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். ஆள் இல்லை ஆள் இல்லை என்கிறீர்கள், கிடைத்த ஆளுக்கு மற்றவர்களை விடக் குறைத்துக் கொடுக்கிறீர்கள். ஒரு குழுவில் என்னிடமே “நாலு தந்திதானே” என்று சொல்லிக் காசைக் குறைத்தார்கள். அடுத்த தடவை அவர்கள் கூப்பிட்டபோது நான் போகவில்லை. சமமாகக் கொடுங்கள். ஒத்திகைக்கு முதல் நாளே பாட்டுப் பட்டியலையும் ஸ்கேலையும் அனுப்புங்கள். பாடகருக்காக ஸ்கேலை மாற்றினால் பேஸுக்கும் சொல்லுங்கள், மேடையில் வைத்துச் சொல்லாதீர்கள். இந்த மூன்றையும் செய்கிற பேண்டுக்கு ஆள் நிற்கும்.

பழக நினைக்கிற தம்பி, தங்கைகளுக்கு. கை சின்னது என்று பயப்பட வேண்டாம், 34 அங்குல நீளத் தந்தி உள்ளதுதான் வழமை, 30 அங்குல பேஸும் கிடைக்கும். புதிதாகவே வாங்க வேண்டும் என்றும் இல்லை, பழையதில் கழுத்து வளையாமல் இருக்கிறதா, கழுத்தில் குறுக்கே உள்ள ஒவ்வொரு ஃப்ரெட் கம்பியிலும் சுரம் சுத்தமாக வருகிறதா என்று பார்த்து வாங்கலாம். தொடர்மாடியில் இருக்கிறவர்கள் ஹெட்ஃபோனில் வாசியுங்கள். தாழ்ந்த ஒலி சுவரையும் தளத்தையும் தாண்டிப் போகும், கீழ் வீட்டு அன்ரிக்குப் பாட்டு கேட்காது, இடி மட்டும்தான் கேட்கும். தொடக்கத்தில் மெட்ரோனோம் (சீராகத் தாளம் தட்டும் கருவி) வைத்து ஒரே சுரத்தை வாசியுங்கள், நான் காட்டியது மாதிரி அதை முடிக்கவும் பழகுங்கள். பரீட்சை வேண்டும் என்று வீட்டில் கேட்டால் லண்டன் டிரினிட்டி கல்லூரி நடத்தும் இசைப் பரீட்சைகளில் ரொக் அண்ட் பொப் பிரிவில் பேஸுக்குத் தனியாகவே தரங்கள் இருக்கின்றன, அம்மா அப்பாவிடம் அதைச் சொல்லுங்கள்.

கொழும்பில் பேண்ட் வைத்திருக்கிறவர்கள் எந்தப் பகுதி, எந்த மொழிப் பாட்டு, எந்த நாள் ஒத்திகை என்று கீழே எழுதிவிடுங்கள். பேஸ் வாசிக்கிறவர்களும், பழகிக்கொண்டிருக்கிறவர்களும் எழுதுங்கள், இரண்டு பக்கத்தையும் நான் சேர்த்துவிடப் பார்க்கிறேன். அடுத்த வீடியோவில் ட்ரம்ஸ் வாசிக்கிற தம்பி ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்து பைலாவுக்கான பேஸை மெதுவாக, ஒவ்வொரு விரலாகக் காட்டுகிறேன். சந்திப்போம் உறவுகளே.