கம்பிய இறக்கிப் பாருங்க

எல்லாருக்கும் வணக்கம்ங்க. கித்தார பத்தி பேச கூப்பிட்டாங்க, சரினு தோள்ல மாட்டிக்கினு நம்ம வேலூர் சத்துவாச்சாரிலருந்து பைக்ல வந்தேன், வெளிய அடிக்கிற வெயில்ல கம்பி விரிஞ்சு ஸ்ருதி இறங்கிப் போச்சு, உள்ள ஏசி ரூம்ல வச்சதும் அதே கம்பி சுருங்கி மேல ஏறிக்கினு இருக்கு, அதனால நடு நடுவுல கம்பிய இறுக்கித் தளர்த்துற கீ திருகுற சத்தம் கேட்டா கோச்சுக்காதீங்க. இன்னிக்கு பேசப்போறதே கீ திருகுறத பத்திதான்.

கித்தார் வாங்கின எல்லாருக்கும் மொதல்ல சொல்லிக் குடுக்கிறது ஈ ஏ டி ஜி பி ஈ. தடிச்ச கம்பிலருந்து மெல்லிசு கம்பி வரைக்கும் அதான் ஆறு கம்பியோட ஸ்வர வரிசை, தடிச்சது ஆறாவது, மெல்லிசு ஒண்ணாவது. நானும் ரொம்ப வருஷம் அத விட்டு நகரவே இல்ல. எங்க தெருவுல ஒரு வீணை டீச்சரம்மா இருக்காங்க. ஒரு நாள் சாயங்காலம் வாசப்படில உக்காந்து புது கம்பி மாட்டிக்கினு இருந்தேன், அவங்க வந்து ஆறு கம்பியையும் விரலால ஒரு இழுப்பு இழுத்துட்டு "இன்னாப்பா இது, கை வைக்காம மீட்டினா ஒண்ணுக்கொண்ணு சண்டை போட்டுக்குது"ன்னாங்க. எனக்கு ரோஷம் வந்துடுச்சு. ஆனா ராத்திரி படுத்து யோசிச்சா அவங்க சொன்னது சரிதான். வீணைல வாசிக்கிற நாலு கம்பியும் ச, ப, ச, ப. பக்கத்துல தாளத்துக்குனு இருக்கிற மூணும் ச, ப, ச. சும்மா தட்டினாலே ஸ்ருதி நிக்குது. நம்ம கித்தாருக்கு விரல அழுத்தினாதான் நாலு பேர் ஒண்ணா உக்காருவாங்க.

ஓப்பன் டியூனிங்னா இதாங்க விஷயம், விரலே வைக்காம மீட்டினா ஒரு கார்டு கேக்கணும், கார்டுனா சேந்து ஒலிக்கிற ஸ்வரக் கூட்டு. ஓப்பன் டி எடுத்துக்குங்க, இதுல டி-தான் ச. ஃப்ரெட்னா கித்தார் கழுத்துல குறுக்க பதிச்சிருக்கிற கம்பிக் கட்டை. ஆறாவது கம்பிய ரெண்டு ஃப்ரெட் அளவுக்கு இறக்கணும், நாலாவது கம்பியோட சேத்து மீட்டினா கீழ ச மேல ச மாதிரி கேக்கும். அஞ்சாவதும் நாலாவதும் அப்படியே இருக்கட்டும். மூணாவத ஒரு ஃப்ரெட் அளவு, ரெண்டாவதையும் ஒண்ணாவதையும் ரெண்டு ரெண்டு ஃப்ரெட் அளவு. முடிஞ்சுது. இப்ப இருக்கிறது ச ப ச க ப ச. அஞ்சாவது ஃப்ரெட்ல ஒரே விரல படுக்க வச்சா ஒரு கார்டு, ஏழாவதுல வச்சா இன்னொண்ணு, வெறும் கம்பியோட சேத்து சர்ச் கொயர்ல பாடுற பாட்டுல பாதிக்கு இந்த மூணே போதும்.

இதுல ஒரு வேடிக்கை நடந்துச்சு. போன்ல இருக்கிற டியூனர் ஆப் பச்சை காட்டுற வரைக்கும் திருகி, பெருமையா டீச்சரம்மாகிட்ட கொண்டு போனேன். கேட்டுட்டு மூணாவது கம்பிய காட்டி "இத இன்னும் கொஞ்சம் இறக்குப்பா, காந்தாரம் துருத்திக்கினு நிக்குது"ன்னாங்க. ஆப் தப்பு சொல்லலைங்க, ஃப்ரெட்டெல்லாம் சமமா பிரிச்ச கணக்குல அது சொல்லுது, ஒரு ஃப்ரெட்டுக்கும் அடுத்ததுக்கும் 100 சென்ட்னு, சென்ட்னா ஸ்ருதிய அளக்கிற குட்டி அளவு. ஆனா ச-வோட இழைஞ்சு நிக்கிற காந்தாரம் அந்தக் கணக்கு சொல்ற எடத்துக்கு 14 சென்ட் கீழ இருக்கு. அவங்க காது அத புடிச்சிடுச்சு. இறக்கினேன், அந்த 'ஊங் ஊங்'னு அலையடிக்கிறது மெதுவாகி நின்னே போச்சு. வெறும் கம்பிக்கு அமுதம். ஆனா அதே கம்பில மேல எந்த ஃப்ரெட்ட அழுத்தினாலும் அதுவும் 14 சென்ட் இறங்கித்தான் வரும், அதனால நான் இப்ப பாதி வழில நிறுத்திடுறேன், அவங்களுக்கு இன்னும் திருப்தி இல்ல.

ஒண்ணு மட்டும் கண்டிப்பா சொல்லணும், இறக்குங்க, ஏத்தாதீங்க. ஓப்பன் ஈ-னு ஒண்ணு இருக்கு, அதுல மூணு கம்பிய ஏத்தணும். ரெண்டு ஃப்ரெட் அளவு ஏத்தினா அந்தக் கம்பியோட இழுப்பு 26 சதவீதம் கூடிடும், பழைய துரு புடிச்ச கம்பி மூஞ்சிலயே வந்து அடிக்கும், எனக்கு அடிச்சிருக்கு. இறக்கினா 21 சதவீதம் குறையும், அதனால மெல்லிசு செட் போட்டிருந்தா லொட லொடனு ஃப்ரெட்ல இடிக்கும், கொஞ்சம் தடிச்ச செட்டா வாங்கிடுங்க. நட்ல, அதான் கழுத்து உச்சில கம்பி உக்கார்ற பள்ளம் வெட்டின பட்டைல, கம்பி மாட்டிக்கினு 'டிக்'னு தாவுச்சுன்னா பென்சில் முனைய அந்தப் பள்ளத்துல தேச்சு விடுங்க.

ஹவாய் தீவுல இதுக்கு 'கி ஹோஆலு'னு பேரு, கீய தளர்த்துறதுனு அர்த்தம், நாம கீ-ன்னு சொல்றோமே, அதே கீதான். ஜோனி மிட்செல்னு ஒரு பாட்டுக்காரம்மா, கனடாக்காரங்க, ஒன்பது வயசுல போலியோ வந்து இடது கை பலம் குறைஞ்சுடுச்சு, கஷ்டமான கார்டு புடிக்க முடியாம டியூனிங்க மாத்தி மாத்தி அம்பதுக்கிட்ட வச்சிருந்தாங்க. இத படிச்சப்ப எனக்கு நம்ம ஊர்தான் ஞாபகம் வந்துச்சு. தொழுநோயால மடங்கிப் போன விரல ஆபரேஷன் பண்ணி நிமித்தலாம்னு 1940-கள்ல பால் பிராண்ட் டாக்டர் காட்டினது இங்க சிஎம்சி ஆஸ்பத்திரில தான். அவர் கைய மாத்தினாரு, இந்தம்மா கம்பிய மாத்திட்டாங்க.

இப்ப என் பைத்தியம் வேற. டி ஏ டி ஜி ஏ டி. இங்கிலாந்துல டேவி கிரஹாம்னு ஒருத்தர், 1960-களோட தொடக்கத்துல மொராக்கோ போய் அங்க ஊது வாத்தியக் கலைஞர்களோட வாசிக்கப் பாத்து — ஊதுனா நம்ம ஊதற வாத்தியம் இல்லைங்க, அது ஒரு தந்தி வாத்தியம் — அதுக்காக புடிச்ச டியூனிங். ஆறு, ரெண்டு, ஒண்ணு, இந்த மூணு கம்பிய மட்டும் ரெண்டு ஃப்ரெட் இறக்கினா போதும், மூணாவது கம்பிய தொடவே வேணாம். ச ப ச ம ப ச. கவனிச்சீங்களா, காந்தாரமே கிடையாது. கார்டு மேஜரா மைனரானு காந்தாரம்தான் சொல்லும், அதனால இது ரெண்டுல எதுனு சொல்லாது. நம்ம ஊர ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில்னு சொல்லுவாங்களே, அந்த மாதிரி காலியா, பெருசா, எதிரொலிக்குற மாதிரி ஒரு சத்தம். கோட்டைக் கோயில் சாமி ஜலகண்டேஸ்வரர் 1981-ல சத்துவாச்சாரிலருந்து திரும்பி வந்து கோட்டைக்குள்ள உக்காந்துட்டாரு, பழமொழிதான் இன்னும் போகல.

பேசினது போதும். இருங்க, ஆறாவது கம்பி மறுபடி ஏறிடுச்சு... ம், சரி. இது வெறும் கம்பி, கேளுங்க. இப்ப நாலாவது கம்பில நாலாவது ஃப்ரெட்ல ஒரே ஒரு விரல் வைக்கிறேன், காந்தாரம் உள்ள வருது.