மெலிந்த ஹெல்கியின் இரண்டு தெய்வங்கள்

(நூலக வார விழா ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, விழாவுக்கு இடமளித்த பள்ளித் தாளாளர் அவர்களே, மழையையும் பொருட்படுத்தாது மாவட்டத் தலைநகரிலிருந்து வந்திருக்கும் நூலக அலுவலர் அவர்களே, ஒலிபெருக்கி சீராகும் வரை பொறுமை காத்த பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

ஐரோப்பாவின் பழந்தெய்வங்களை இன்று மீண்டும் வணங்குவோரிடையே வம்சாவளிக்கு உள்ள இடம், பல மரபுகளைக் கலந்து வழிபடுதல், பெண் பூசகர்களின் பங்கு ஆகிய மூன்றையும் பேச எண்ணி வந்தேன். நதிமூலம் ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்பார்கள். ஆனால் அமெரிக்காவில் ஸ்காந்திநேவியப் பழந்தெய்வங்களான ஓடினையும் தோரையும் வணங்குவோரில் ஒரு சாரார், வட ஐரோப்பிய இரத்தம் உடையவர்க்கே அத்தெய்வங்கள் உரியவை என்று வாதிடுகிறார்கள். 1987இல் தோன்றிய ‘ட்ராத்’ போன்ற அமைப்புகளோ எக்குலத்தார் வந்தாலும் ஏற்றுக்கொள்கின்றன. இரத்தம் கேட்பவர்கள் ஓடினின் மூலத்தை விசாரித்ததுண்டா? அவன் தாய் பெஸ்ட்லா அரக்கர் குலத்தவள். நியோர்து என்னும் தெய்வமும் அவன் மகன் ஃப்ரேயும், ஓடினின் கூட்டத்துக்கும் வானிர் என்ற மற்றொரு தெய்வக் கூட்டத்துக்கும் நடந்த போருக்குப் பின், அந்த வானிர் கூட்டத்திலிருந்து பிணையாக வந்து ஓடினின் அவையில் அமர்ந்தவர்கள்.

கலப்பு மனிதரிடையேயும் பழையதுதான். ஐஸ்லாந்தின் குடியேற்ற நூலில் ஹெல்கி என்றொருவன் வருகிறான். தந்தை ஸ்காந்திநேவியர், தாய் அயர்லாந்து அரசன் மகள். பிள்ளையை ஸ்காட்லாந்தை ஒட்டிய ஹெப்ரிடீஸ் தீவுகளில் வளர்க்கக் கொடுத்துவிட்டு இரண்டாண்டு கழித்து வந்து பார்த்தால், பெற்றவர்களுக்கே அடையாளம் தெரியாத அளவுக்குப் பட்டினியால் வற்றிக் கிடந்தான். ‘மெலிந்த ஹெல்கி’ என்ற பெயர் அப்படி நிலைத்தது. (வளர்த்தவர்கள் சோற்றை என்ன செய்தார்களோ, நூல் சொல்லவில்லை.) வளர்ந்த ஹெல்கி கிறிஸ்துவை நம்பினான், கடற்பயணத்துக்கும் கடினமான காரியங்களுக்கும் மட்டும் தோரை அழைத்தான். ஐஸ்லாந்து கண்ணில் பட்டதும் எங்கே கரையேறுவது என்று தோரிடம் குறி கேட்க, வடக்கே போ என்று வந்தது. கோடை முடியப்போகிறது, கப்பலில் இருந்தோர் களைத்துவிட்டார்கள். அவன் மகன் பொறுக்காமல், “தோர் வடகோடிப் பனிக்கடலுக்குப் போகச் சொன்னால் அங்கேயும் போவீர்களா அப்பா?” என்று கேட்டானாம். வீட்டுக்கு வீடு இப்படியொரு மகன் உண்டு. தோர் காட்டிய திசையில் சென்று கரையேறிய ஹெல்கி, தன் குடியிருப்புக்கு கிறிஸ்துவின் பெயரைச் சேர்த்து ‘கிறிஸ்ட்னெஸ்’ என்று பெயரிட்டான். நதிமூலம் ரிஷிமூலம் கேட்போர் இவனை எந்தக் கணக்கில் எழுதுவார்கள்?

இக்காலக் கலப்புக்கு, பிரிட்டனில் ஜெரால்டு கார்ட்னர் பரப்பிய ‘விக்கா’ என்னும் நவீன மந்திரச் சமய வழிபாடு பல மூலங்களிலிருந்து எடுத்துக் கோத்தது என்பது மட்டும் இப்போதைக்குப் போதும்.

நான் மேடைதோறும் சொல்லிவருவது ஒன்று உண்டு. அலுவலர் அவர்கள் பொறுத்தருள வேண்டும். தெய்வங்களைக் காத்தது இரத்தமன்று, ஏடு. ஓடின், தோர் முதலிய தெய்வங்களின் கதைகளைச் சொல்லும் ‘எட்டா’ என்னும் பழம்பாடல்களின் சுவடி 1971இல் டென்மார்க்கிலிருந்து ஐஸ்லாந்துக்குத் திரும்பியபோது மக்கள் துறைமுகத்தில் திரண்டு வரவேற்றார்கள். மறு ஆண்டே அங்கு பழஞ்சமயச் சங்கம் தோன்றியது. அதன் முதல் தலைவர் ஸ்வெய்ன்பியோர்ன் பெய்ன்டெய்ன்சன் ஆடு வளர்த்த விவசாயி, மரபுப் பாடல்களைப் பாடிக் காத்த கவிஞர். ஆகவே எட்டாவை ஆங்கில வழியாக அன்றி மூலமொழியிலிருந்தே தமிழாக்க வேண்டும். அதற்கு நிதி ஒதுக்கக் கோரும் விண்ணப்பத்தில் நூற்றுப்பதினான்கு பேர் ஒப்பமிட்டிருக்கிறோம்.

தலைவர் மணியைத் தொடுகிறார். பெண் பூசகர்களைப் பற்றிப் பேச இடமில்லை. விண்ணப்பத்தை அலுவலர் அவர்களிடம் இம்மேடையிலேயே ஒப்படைத்து அமர்கிறேன். வணக்கம்.