கடைசியாக இறங்குபவனுக்குக் கசையடி

நேயர்களுக்கு வணக்கம். பாய்மரக் கப்பல் காலத்துக் கலகம் ஒன்றைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

1797-ஆம் ஆண்டு செப்டம்பர் 20. கரீபியன் கடலில் 'ஹெர்மியோன்' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல். 32 பீரங்கிகள். தலைவர் ஹியூ பிகட்டுக்கு வயது 28.

அந்த வயதில் போர்க்கப்பல் எப்படிக் கிடைத்தது? அப்பா அட்மிரல். போதாததற்கு, ஜமைக்காவில் படைக்குத் தலைமை வகித்த ஹைட் பார்க்கரின் தயவும் இருந்தது. இந்தக் குடும்பத்தைச் சென்னையும் அறியும். இவருடைய பெரியப்பா ஜார்ஜ் பிகட் சென்னையின் ஆளுநராக இருந்தவர். ஆர்க்காட்டு நவாபின் பிடியில் இருந்த தஞ்சாவூரை அதன் மன்னர் துளஜாவிடம் திருப்பிக் கொடுத்தார். தஞ்சாவூர் வருவாயை நம்பி நவாபுக்குக் கடன் கொடுத்திருந்தவர்களுக்கு அது பொறுக்கவில்லை. 1776-இல் அவருடைய ஆலோசனைக் குழுவினரே அவரைக் கைது செய்தார்கள். மறு ஆண்டு காவலிலேயே இறந்தார். கீழே இருப்பவர்கள் எழுந்தால் என்ன ஆகும் என்பது அந்த வீட்டில் தெரியாத கதை அல்ல.

கப்பலுக்கு வருவோம். காற்று வலுத்தது. மேற்பாயைச் சுருக்கிக் கட்ட ஆட்கள் பாய்மரத்தில் ஏறினார்கள். பாய் தொங்கும் குறுக்குக் கட்டைக்குப் பருமல் என்று பெயர். அதன் நுனிவரை போய்க் கட்டுவதுதான் மிகக் கடினமான வேலை; கைதேர்ந்தவனையே அங்கே அனுப்புவார்கள். அவன்தான் முதலில் போவான். ஆகவே திரும்பும்போது எல்லோருக்கும் பின்னால்தான் வர முடியும். வேலை மந்தமாக நடப்பதாக நினைத்த பிகட், கடைசியாக இறங்குபவனுக்குக் கசையடி என்று கீழிருந்து கத்தினார். சோம்பேறியை விட்டுவிட்டு, இருப்பதிலேயே திறமைசாலியை அடிக்கும் உத்தரவு அது. இது தெரியாமல் சொன்னார் என்று என்னால் நம்ப முடியவில்லை. சிறு வயதிலிருந்தே கப்பலில் வளர்ந்தவர் அவர்.

அடிக்குப் பயந்து மேலே இருந்தவர்கள் முண்டியடித்தார்கள். மூன்று இளைஞர்கள் தவறி விழுந்து செத்தார்கள். உடல்களைக் கடலில் வீசச் சொன்னார் பிகட், அதுவும் வசைச்சொல்லோடு. முணுமுணுத்தவர்களுக்கும் சாட்டை விழுந்தது. மறுநாள் காலையில் இன்னும் பலருக்கு.

கசையடி அன்று கடற்படையில் அன்றாடக் காரியம்தான். ஒழுங்கீனத்துக்கு அடி வாங்குவதை மாலுமிகள் ஏற்றுக்கொண்டே வாழ்ந்தார்கள். எதற்கு அடி, எதற்கு இல்லை என்று தெரிந்திருந்தால் ஒரு மனிதன் அதற்கேற்ப நடந்துகொள்வான். பிகட்டின் கப்பலில் அது தெரியாது. முந்தைய கப்பலிலிருந்து கூட்டி வந்தவர்களுக்குச் சலுகை, மற்றவர்களுக்குச் சாட்டை. சில நாட்களுக்கு முன் டேவிட் கேஸி என்ற இளம் அதிகாரியை, ஒரு சிறு கவனக்குறைவுக்காக, எல்லோர் முன்னிலையிலும் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்கச் சொன்னார். தவறுக்கு வருந்துகிறேன், மண்டியிட மாட்டேன் என்றார் கேஸி. அவருக்கும் 12 அடி, பதவியும் போயிற்று.

அதே ஆண்டு வசந்தத்தில் இங்கிலாந்தில் போர்க்கப்பல்கள் நங்கூரமிடும் ஸ்பிட்ஹெட்டில் ஒரு கடற்படைப் பிரிவே வேலைநிறுத்தம் செய்து, ஊதிய உயர்வும் மன்னிப்பும் பெற்றிருந்தது. அங்கே பேச ஆள் இருந்தது. நடுக்கடலில் ஹெர்மியோன் மாலுமிகள் யாரிடம் போய் முறையிடுவது?

செப்டம்பர் 21 இரவு ரம் குடித்த ஒரு கூட்டம் தலைவரின் அறைக்குள் புகுந்தது. வெட்டுப்பட்ட பிகட்டை ஜன்னல் வழியே கடலில் தள்ளினார்கள். அவரோடு சேர்த்துப் பத்து அதிகாரிகள் கொல்லப்பட்டார்கள். இதற்கு நியாயம் சொல்ல நான் வரவில்லை. மாலுமிகளுக்கு ஒரு தீங்கும் செய்யாதவர்களும் செத்தவர்களில் உண்டு. கேஸியைக் கலகக்காரர்கள் தொடவில்லை.

கப்பலை, அன்று பிரிட்டனின் எதிரிகளான ஸ்பானியர் வசமிருந்த தென் அமெரிக்கத் துறைமுகம் லா குவைராவுக்கு ஓட்டிச் சென்று ஒப்படைத்தார்கள். பிறகு வேறு வேறு பெயர்களில் பல நாட்டுக் கப்பல்களில் சிதறினார்கள். பிரிட்டன் பல ஆண்டுகள் விடாமல் துரத்தியது. 1799-இல் புவர்ட்டோ கபேயோ துறைமுகத்தில் நள்ளிரவில் படகுகளில் போய்க் கப்பலையும் மீட்டது. பிடிபட்ட கலகக்காரர்கள் 33 பேர்; அவர்களில் 24 பேரைத் தூக்கிலிட்டார்கள். மற்றவர்களில் பெரும்பாலோர் கடைசிவரை அகப்படவே இல்லை.