குழியில எறங்குறவங்க சொல்றத கேளுங்க

வணக்கம் நேயர்களே. இன்னைக்கு மாணிக்கக் குழி வேலை பத்திப் பேச வந்திருக்கேன். இரத்தினபுரி, பலாங்கொடை பக்கம் நம்ம தோட்டத்துப் புள்ளைங்க பெரட்டுக்கு, அதான் காலையில தோட்ட வேலைக்குப் பேர் குடுக்குற எடத்துக்கு, போறத விட்டுட்டு குழியில எறங்குறாங்க, உங்க லயத்துலயும் ஒருத்தரு இருப்பாரு.

கவனமா இருங்கன்னு சொன்னா மட்டும் யாரும் கவனமா இருக்க மாட்டாங்க, இத நான் பல வருஷமா சொல்லிக்கிட்டே இருக்கேன். குழியில அனேகமா பங்குக்குத்தான் வேல, கல்லு கெடச்சாத்தான் காசு. ஒருத்தன் நிறுத்துன்னு சொன்னா எல்லாரோட பங்கும் நிக்குது, அப்ப எவன் வாயத் தொறப்பான்?

ஒரு சம்பவம் சொல்றேன். நானும் குழியில இருந்த காலம். தண்ணி எறைக்கிற மெஷின் மேல இருந்தா ஒரு 25 அடிக்குக் கீழ இழுக்காது, அதனால ஆழம் போகப்போக மெஷினையே உள்ளுக்கு எறக்கிருவாங்க. அன்னைக்கு மெழுகுவத்திய கொளுத்தி கயித்துல கட்டி எறக்குனோம், அணையல, காத்து இருக்குன்னு எல்லாருக்கும் நிம்மதி. புதுசா சேந்த ஒரு பையன் மட்டும், ‘அண்ணே, நேத்து கீழ இருக்கப்ப தல வலிச்சிச்சு, மேல வந்ததும் விட்டுருச்சு’ன்னான். சிரிச்சாங்க. மூத்தவரு ஒருத்தரு சிரிக்கல, பக்கத்துல குந்தி, ‘எப்ப இருந்து வலிச்சிச்சு தம்பி’ன்னு கேட்டாரு. கேட்டுட்டு மெஷின மேல தூக்கச் சொன்னாரு. அன்னைக்கு பூரா வேல இல்ல.

மெழுகுவத்தி ஒக்சிசன் கொறஞ்சாத்தான் அணையும். மெஷின் பொகையில வர்ற காபன் மொனொக்சைட்டுக்கு அணையாது, அதுக்கு மணமும் இல்ல நெறமும் இல்ல. திரும்பவும் சொல்றேன், மெழுகுவத்தி எரியுதுன்னு நம்பி எறங்காதீங்க. ஒருத்தரு மயங்கி விழுந்தா தூக்குறேன்னு பின்னாலயே எறங்காதீங்க, அப்படிப் போனவங்களும் செத்திருக்காங்க.

அந்தப் பையன், அதுக்குப் பொறகு காலையில எல்லாருக்கும் முந்தி வந்து, மண்ணு சரியாம இருக்க மரச் சட்டத்துக்குப் பின்னால திணிச்ச கெகில்லங்கிற பன்ன இலைய கையால அழுத்திப் பாப்பான், எங்க மண்ணு கசியுதுன்னு அவனே சொல்லுவான். யாரும் ஏவல. ஒருக்கா அவன் பேச்சக் கேட்டோம், அதான். முதலாளிமாரே, ஆபத்துன்னு வேலய நிறுத்துன நாளுக்கு சாப்பாட்டுக் காசாவது குடுங்க, பொறகு பாருங்க எத்தன பேரு வாயத் தொறக்குறாங்கன்னு.

நேரம் முடியுதுன்னு கைய காட்டுறாங்க. நட்டஈடு பத்தியும் பேச இருந்தேன், முடியல. ஒன்னு மட்டும், சர்வதேச தொழிலாளர் அமைப்போட 1995ஆம் வருஷத்து 176ஆம் இலக்க சமவாயம் சுரங்க வேலைக்குன்னே வந்தது, ஆபத்துன்னு நியாயமாத் தெரிஞ்சா அந்த எடத்த விட்டு வெளிய வரலாம், பாதுகாப்புப் பிரதிநிதிய வேலையாளுங்களே தெரிவு செய்யலாம்னு அதுல இருக்கு.

இன்னைக்கு குழியில இருந்து வர்றவரு தலவலின்னு சொன்னா, பெனடோல் குடுக்குறதுக்கு முந்தி மெஷின் எங்க இருந்திச்சுன்னு கேளுங்க. வணக்கம்.