கூடைக்குப் பூட்டிய சக்கரம்

மதிப்புக்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, வெள்ளவத்தையில் இந்த மாலை வேளையில் கூடியிருக்கும் சபையோரே, அனைவருக்கும் வணக்கம். "குடும்பத்தின் சந்தைச் செலவைக் குறைப்பது சுப்பர் மார்க்கெட் சலுகையா, கையில் எழுதிய பட்டியலா?" என்ற தலைப்பில், பட்டியலே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், வார இறுதியில் வங்கி அட்டைக்குக் கிடைக்கும் 20 வீதக் கழிவைப் பெரிதும் புகழ்ந்து, போன சனிக்கிழமை தாம் 8,200 ரூபாய்க்கு மரக்கறியும் பழமும் வாங்கியதாகச் சொன்னார். ஆகக்கூடிய கழிவு 1,000 ரூபாய்தான் என்று விளம்பரத்தின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்ததையும் அவரே நேர்மையாக ஒப்புக்கொண்டார். அப்படியானால் 5,000 ரூபாயுடன் அவருடைய கழிவு முடிந்துவிட்டது. மிச்சம் 3,200 ரூபாய்க்கு வாங்கியதெல்லாம் முழு விலைக்கு வாங்கியது. மொத்தத்தில் அவருக்குக் கிடைத்தது 12 வீதத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். நான் அதே வாரத்தில் வெள்ளவத்தைச் சந்தையில் போஞ்சி கிலோ 480 ரூபாய்க்கு வாங்கினேன். சலுகை போட்டிருந்த கடையில் அது 640 ரூபாய். இருபது வீதத்தை முழுதாகக் கழித்தாலும் 512. அந்தக் கழிவுக்காக முச்சக்கர வண்டிக்கும் காசு கொடுத்துப் போய்வந்தால், சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று நம் கிழவிகள் சொன்னது சரியாகத்தான் வருகிறது.

நடுவர் அவர்களே, இந்தச் சலுகைகள் எங்கிருந்து பிறந்தன என்பதைக் கொஞ்சம் பார்ப்போம். ஒரு காலத்தில் கடை முதலாளி மேசைக்குப் பின்னால் நிற்பார், நாம் பட்டியலை வாசிப்போம், அவர் கேட்டதை மட்டும் நிறுத்துக் கடதாசிப் பையில் கட்டித் தருவார். அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் 1916 இல் கிளாரன்ஸ் சோண்டர்ஸ் என்பவர், வாங்குவோரே இறாக்கையிலிருந்து பொருளை எடுத்துக்கொள்ளும் கடையைத் திறந்தார். அன்றுடன் பட்டியல் வாசிக்கும் வேலை போய்விட்டது. கண்ட பொருளே பட்டியலாகிவிட்டது. பிறகு 1937 இல் ஒக்லஹோமாவில் கடை வைத்திருந்த சில்வன் கோல்ட்மன், கூடை கனத்தவுடன் பெண்கள் வாங்குவதை நிறுத்திவிடுகிறார்கள் என்பதைக் கவனித்து, கூடைக்குச் சக்கரம் பூட்டினார். இன்று நாம் தள்ளும் ட்ரொலி அதுதான். அதுவரை கை வலிதான் நமக்கு "போதும்" என்று சொல்லிக்கொண்டிருந்தது. "மூன்று வாங்கினால் ஒன்று இலவசம்" என்ற பலகையும், வங்கி அட்டையும், புள்ளி சேரும் அட்டையும் அந்த வலியை எடுத்துவிடுவதற்காகப் பின்னாளில் வந்த சக்கரங்கள் என்பதே என் கட்சி.

இதை நான் என் வீட்டிலேயே பட்டறிந்தேன். ஒரு கடையில் ஆறு யோகட் வாங்கினால் ஏழாவது இலவசம் என்று எழுதியிருந்தார்கள். வீட்டில் நாங்கள் இருவர். எனக்கு யோகட் அவ்வளவு பிடிக்காது என்பது அந்த நேரத்தில் எனக்கே மறந்துவிட்டது. வீட்டுக்கு வந்து மூடியைத் திருப்பிப் பார்த்தபோது காலாவதித் திகதிக்கு இன்னும் இரண்டே நாள். நாலு கப்பை நாங்கள் சாப்பிட்டோம், மற்ற மூன்றும் தொட்டிக்குள் போயின. பெரிய பொதியே மலிவு என்ற நம்பிக்கையும் அப்படித்தான். 400 கிராம் தேயிலை 920 ரூபாய், பக்கத்திலேயே 200 கிராம் 440 ரூபாய் என்று கிடந்தது. நூறு கிராமுக்குக் கணக்குப் பார்த்தால் பெரியது 230, சின்னது 220. கைத்தொலைபேசியில் கணிப்பான் இல்லாதவர் இந்தச் சபையில் யாரும் இருக்கமாட்டார்கள், ஆனால் மஞ்சள் நிறச் சலுகை அட்டையை இறாக்கையில் கண்டதும் அதைத் திறக்க நமக்குத் தோன்றுவதில்லை.

எதிரணியினர் ஒன்றைக் கேட்கலாம்: விலையேற்றத்தில் நொந்த குடும்பம் கழிவைத் தேடுவது குற்றமா? குற்றமே இல்லை. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 2022 செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதமாக இருந்தது. ஓராண்டுக்கு முன் 100 ரூபாய்க்கு வாங்கிய உணவுக்கு 195 ரூபாய் கொடுத்த நாட்கள் அவை. அந்தப் பயம் இன்னும் நம்மை விட்டுப் போகவில்லை, சலுகைப் பலகை பேசுவதும் அந்தப் பயத்தோடுதான். சவர்க்காரம், உப்பு, தேயிலை போன்ற கெடாத பொருளுக்கு, அதுவும் நாம் எழுதிப்போன பொருளுக்கு, வழக்கமான விலை தெரிந்த நிலையில் கழிவு கிடைத்தால் நானும் கூச்சமின்றி எடுப்பேன். அங்கே மிச்சம் பிடித்தது பட்டியலா பலகையா என்பதை நடுவர் அவர்களே சொல்லட்டும். இறாக்கையில் ஒட்டியிருந்த விலையும் பற்றுச்சீட்டில் விழுந்த விலையும் வேறாக இருந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்துச் சொல்லலாம். ஆனால் தேவையில்லாததை நாமே விரும்பி எடுத்துவந்தால் அழைப்பதற்கு ஓர் இலக்கமும் கிடையாது.

இறுதியாக, அடுத்துப் பேசவரும் எதிரணி நண்பரிடம் ஒரு வேண்டுகோள். தம் கடைசிப் பற்றுச்சீட்டை எடுத்து, வீட்டிலிருந்து புறப்படும்போது வாங்க நினைத்திருந்த பொருட்களின் கீழ் மட்டும் ஒரு கோடு போடட்டும். கோடு விழாத வரிகளைக் கூட்டி வரும் தொகை, அடியில் "நீங்கள் சேமித்தது" என்று அச்சிட்டிருக்கும் தொகையைவிடக் குறைவாக இருந்தால், இந்த ஒலிவாங்கியை வைத்துவிட்டு நான் அவருடைய அணியில் போய் அமர்ந்துகொள்கிறேன். நன்றி, வணக்கம்.